நியூ ஆர்லியன்ஸின் மூன்று குரல்கள்

கேள்வி: ஜாஸ் என்றதும் டிரம்பெட்டும் சாக்ஸபோனும்தான் நினைவுக்கு வருகின்றன. சேர்ந்து பாடும் குழுக்களுக்கு அந்த இசையில் இடம் இருந்ததா?

பதில்: பெரிய இடமே இருந்தது. அதற்குப் பாஸ்வெல் சகோதரிகளே போதுமான சாட்சி.

மார்த்தா, கானி, வெட் ஆகிய மூவரும் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வளர்ந்தவர்கள். முதலில் கற்றது மேற்கத்திய செவ்வியல் இசை: மார்த்தா பியானோ, கானி செல்லோ, வெட் வயலின். ஆனால் அந்த ஊரின் காற்றிலேயே ஜாஸ் கலந்திருந்தது. 1925-இல் விக்டர் நிறுவனத்துக்காக முதல் இசைத்தட்டு. 1931-இல் நியூயார்க் சென்று பிரன்ஸ்விக் நிறுவனத்துக்குப் பாடத் தொடங்கியபின் புகழ் பரவியது. டோர்சி சகோதரர்கள் போன்ற தேர்ந்த கலைஞர்கள் பக்கவாத்தியம் வாசித்தார்கள்.

இந்தச் சகோதரிகளின் துணிச்சல் பாட்டின் அமைப்பில் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த மெட்டை எடுப்பார்கள். நடுவழியில் தாளத்தின் வேகம் மாறும், மகிழ்ச்சியான சுரங்கள் சோகச் சாயலுக்குத் திரும்பும், சொற்கள் உடைந்து வெறும் ஓசைகளாகும். மூன்று குரல்களும் ஒரே தொண்டையிலிருந்து எழுவதுபோல அத்தனையையும் இணைந்தே கடக்கும். இவ்வளவு சிக்கலான இசை வானொலியில் வெகுமக்களைக் கவர்ந்தது உண்மையிலேயே பெரிய சாதனை.

சிறுவயது முதலே நடக்க இயலாத கானி, மேடையில் அமர்ந்தபடியே பாடினார். 1936-இல் குழு கலைந்ததும் தனியாகத் தொடர்ந்தார். 1934-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள அப்பல்லோ அரங்கப் போட்டியில் வென்ற ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு, கானியைப் போலப் பாட முயன்றதாகவே பின்னாளில் சொன்னார். மினியாபொலிஸின் பாடல் குழுவான ஆண்ட்ரூஸ் சகோதரிகளும் பாஸ்வெல் சகோதரிகளைக் கேட்டுப் பழகியே தொடங்கினார்கள்.