பொதுக் கட்டடங்களில் காற்றும் மின்சாரமும்

அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை போன்று பலர் கூடிப் பயன்படுத்தும் கட்டடங்களில் இரு தேவைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. உள்ளிருப்போருக்குத் தூய காற்று வேண்டும். மின்செலவும் குறைய வேண்டும். குளிரூட்டிய அறைக்குள் வெளிக்காற்றை விட்டால், அதையும் குளிர்விக்க மின்சாரம் செலவாகும். விடாவிட்டால் மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவும் நோய்க்கிருமிகளும் உள்ளேயே தங்கும்.

காற்றைக் குறைத்து மின்சாரத்தைச் சேமிக்கும் வழி முன்னரே சோதிக்கப்பட்டதுதான். 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் கட்டடங்கள் இறுக மூடப்பட்டன. அந்நாட்டுக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கம் 1981-இல் வகுத்த நியமம், புகைபிடிக்காத அலுவலகங்களில் ஆளுக்கு நிமிடத்திற்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்றது. மூடிய கட்டடங்களில் தலைவலி, கண்ணெரிச்சல், சோர்வு பற்றிய புகார்கள் எழுந்தன. 1989-இல் குறைந்தபட்ச அளவு 15 கன அடியாக உயர்த்தப்பட்டது.

பெங்களூரின் அனுபவம்

கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூரில், ஆண்டின் பெரும்பகுதி சன்னலைத் திறந்து வைத்தாலே போதுமானது. ஆனால் வாகனப் புகையும் சாக்கடை நாற்றமும் சன்னல்களை மூட வைக்கின்றன. மூடிய சன்னல் குளிர்சாதனத்தை அழைக்கிறது.

இச்சிக்கலுக்கு விடை கூறுவது தொம்மலூரில் உள்ள 'டெரி' எனப்படும் எரிசக்தி, வள ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம். இதை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் சஞ்சய் மோஹே. மனையின் தென்புறம் திறந்த சாக்கடை. காற்று வீசுவதோ அத்திசையிலிருந்து. ஆகவே தென்புறம் திறப்பின்றி இரட்டைச் சுவராக அடைக்கப்பட்டது. வெளிச்சுவரில் பதித்த கறுப்புக் கடப்பைக் கல் வெயிலில் சூடேறுகிறது. இடைவெளியில் உள்ள காற்று வெப்பமுற்று மேலெழுந்து வெளியேற, வடபுறத்திலிருந்து நல்ல காற்று அறைகளின் வழியே ஈர்க்கப்படுகிறது. இங்குக் காற்றை இழுப்பது மின்சாரமன்று, வெயிலே.

பழைய கட்டடங்களில்

எல்லாக் கட்டடங்களையும் மீண்டும் கட்ட இயலாது. எனினும் செய்யக்கூடியவை உண்டு. அறைகளில் பொருத்தப்படும் சாதாரண 'ஸ்பிளிட்' குளிர்சாதனம் அறைக்காற்றையே சுழற்றுகிறது; புதுக்காற்றைக் கொணர்வதில்லை. இதற்குத் தனி விசிறி தேவை. வெளியேறும் குளிர்காற்றைக் கொண்டு உள்வரும் காற்றைக் குளிர்விக்கும் சாதனமும் உண்டு. வெளியே கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. உள்ளே 1,000-ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை எனக் கொள்ளலாம்.

செலவுக்கு வழியென்ன? குளிர்சாதன வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் மதிப்பீடு. 2020 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறைக் குளிர்சாதனங்களுக்கு 24 டிகிரி தொடக்க அளவாக விதிக்கப்பட்டுள்ளது. இந்த மிச்சத்தின் ஒரு பகுதி காற்றோட்டத்திற்குப் போதும்.

மின்கட்டணச் சீட்டு மாதந்தோறும் நிர்வாகியின் மேசைக்கு வருகிறது. கெட்ட காற்றின் விலையோ ஊழியரின் சோர்விலும் மாணவரின் கவனக் குறைவிலும் சிதறிக் கிடப்பதால் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்ப்பதே உண்மையான சிக்கனமாகும்.