உதிர்ந்த கூடு யாருடையது?

மழைக்காற்று அடித்து ஓய்ந்த காலையில் மரத்தடியில் ஒரு கூடு கிடந்தால், பலரும் உடனே சொல்வது "தூக்கணாங்குருவிக் கூடு" என்றுதான். தொங்குகிற கூடெல்லாம் அதனுடையது என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. வடிவத்தை விட்டுவிட்டு, எதைக் கொண்டு கட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

நெற்பயிர், கரும்புத் தோகை, பனையோலையிலிருந்து நீளமாகக் கிழித்த நார்களை முடிச்சிட்டுப் பின்னியிருந்தால் சந்தேகமே வேண்டாம், தூக்கணாங்குருவிதான். மரப்பட்டைத் துணுக்கும் சருகும் புழு எச்சமும் சிலந்தி நூலில் ஒட்டி, பக்கவாட்டு வாசலுக்கு மேல் சிறு தாழ்வாரம் நீட்டியிருந்தால் தேன்சிட்டு. உயிருள்ள இலையின் ஓரத்தில் துளையிட்டுப் பஞ்சு இழையால் தைத்திருந்தால் தையல்சிட்டு. தேங்காய் நாரும் துணிக்கிழிசலும் திணித்த ஒழுங்கற்ற உருண்டையா? அதைக் கட்டியது பறவையே இல்லை, பெரும்பாலும் அணிலாக இருக்கும்.

நீண்ட குழாய் இல்லாமல், அடிப்பக்கம் திறந்து, குறுக்கே ஒரு பின்னலோடு தலைக்கவசம் போல விழுந்து கிடக்கும் கூட்டை, ஆண் தூக்கணாங்குருவி ஊஞ்சலாடக் கட்டியது என்பார்கள். 1930இல் மும்பைக்கு அருகே கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் பறவையியலாளர் சாலிம் அலி இந்தப் பறவைகளைப் பொறுமையாகக் கவனித்து உண்மையை எழுதினார். ஆண் பாதிவரை கட்டி நிறுத்தும். பெண்கள் வந்து உள்ளே நுழைந்து சோதிக்கும். பிடித்துப்போன கூட்டுக்குத்தான் முட்டை அறையும் நுழைவுக் குழாயும் கிடைக்கும். உள்ளே மெத்தை போடுவது பெண்ணின் வேலை. ஆணோ அடுத்த கூட்டைத் தொடங்கி, இன்னொரு துணையை அழைக்கப் போய்விடும். ஆகவே அந்தப் பாதிக்கூடு, எந்தப் பெண்ணும் ஏற்காமல் கைவிடப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். அத்தனை உழைப்பு வீணானதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

தூக்கணாங்குருவி கூட்டினுள் ஈரமண் அப்பி, அதில் மின்மினிப் பூச்சியைப் பதித்து விளக்கேற்றும் என்ற கதையை நம் பாட்டிமார்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். மண் பாதி உண்மை: உட்சுவரில் களிமண் பூச்சு இருக்கும், உதிர்ந்த கூட்டைப் பிரித்தால் நீங்களே பார்க்கலாம். மின்மினி வெறும் கற்பனை. பகலில் இரை தேடி, இரவில் உறங்கும் பறவைக்கு விளக்கு எதற்கு?

இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, "குஞ்சு பறந்துவிட்டது, இனி இது காலிக்கூடுதானே" என்று மரத்திலிருந்து பறித்து வரவேற்பறையில் மாட்டுவது. கூடு பொதுவாகப் பறவை ஆண்டு முழுவதும் வாழும் வீடில்லை என்பது சரி. தூக்கணாங்குருவிகளும் பருவம் முடிந்தால் நாணற்காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் கூட்டமாகத்தான் அடையும். ஆனால் அவை விட்டுப்போன கூட்டில் வெண்தொண்டைச் சில்லை குடியேறி முட்டையிடுவதுண்டு. சிறு மர எலியும் ஒண்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்து உள்ளே யாருமில்லை என்று சொல்ல முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டையாகவே கருதுகிறது. தரையில் விழுந்ததை ஆசைதீரப் புரட்டிப் பாருங்கள். கிளையில் தொங்குவது தொங்கட்டும்.