வாயில்லா ஜீவனும் நம் பொறுப்பும்
வாடிய ஆமையைத் தேற்றும் முறை

ஆடு பசித்தால் கத்தும். கோழி வாசலில் வந்து நிற்கும். பூனை காலைச் சுற்றிச் சுற்றி வரும். ஆமை மட்டும் எதையும் கேட்பதில்லை. வாரக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். பார்ப்பவர்களும், "அது அப்படித்தான், தூங்குகிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இன்று பல வீடுகளில் இருக்கும் குட்டி ஆமை, வண்ணமீன் கடைகளில் விற்கப்படும் செங்காது ஆமையாகும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும். அதன் தாயகம் அமெரிக்காவின் மிஸிஸிப்பி ஆற்றுப் படுகை. வாங்கும்போது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கும் இந்த ஆமை, 25 சென்டிமீட்டர் வரை வளரும். 20, 30 ஆண்டுகள் உயிர் வாழும். வாங்குகிறவர்களில் பலர் இதை அறிவதில்லை. பிள்ளைகளின் ஆசை இரண்டு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. பிறகு அந்த ஜீவன் கொல்லைப்புற வாளிக்குப் போய்ச் சேருகிறது. கண்கள் வீங்கி, ஓடு மெத்தென்றாகி, பாசி படிந்து கிடக்கும் அதைப் பார்க்கும்போதுதான், "இதை என்ன செய்வது?" என்ற கேள்வி எழுகிறது.

பொறுப்பு யாருடையது?

பிராணிகளை வளர்ப்பது மார்க்கத்தில் கூடும். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வளர்த்து வந்ததையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவரிடம் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்ததையும் புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். ஆனால் வளர்க்க அனுமதி உண்டு என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் தராமல், வெளியே சென்று இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் அதன் காரணமாக நரகம் புகுந்தாள் என்ற ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அவள் பூனையை அடிக்கவில்லை. அடைத்துப் போட்டுவிட்டு மறந்தாள், அவ்வளவுதான். வாளியில் கிடக்கும் ஆமையின் நிலையும் அதுவேயல்லவா?

அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் இருந்த ஒட்டகம் நபியவர்களைக் கண்டு கண்ணீர் விட்டதும், அதைப் பட்டினி போடுகிறீர் என்று உரியவரை அவர்கள் கண்டித்ததும் அபூதாவூதில் வருகிறது. அந்த ஒட்டகத்துக்கு முறையிட ஒரு வழி கிடைத்தது. ஆமைக்கு அதுவும் இல்லை. முறையிடாத ஜீவனைக் கவனிப்பதற்கு நம்முடைய இறையச்சம் ஒன்றே காவல்.

ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பும் தெளிவானது. பிராணிக்கு உணவளிப்பது உரிமையாளர் மீது கடமை. இயலாதவர் அதை விற்றுவிட வேண்டும். அல்லது பராமரிக்கக் கூடியவரிடம் ஒப்படைக்க வேண்டும். உண்ணத் தகுந்த பிராணியானால் அறுத்து உண்ணலாம். ஆமையை உண்பது ஷாஃபியீ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் கூடாது. ஆகவே அந்த வழி அடைபட்டுவிட்டது. ஒன்று, நாம் பராமரிக்க வேண்டும். அல்லது பராமரிப்பவர் கையில் சேர்க்க வேண்டும். "வசதி இல்லை" என்று சும்மா விட்டுவிட இடமில்லை. அதற்குப் பெரிய வசதி தேவையுமில்லை என்பதைக் கீழே பார்ப்போம்.

முதல் மூன்று நாட்கள்

நெடுநாள் பட்டினி கிடந்த ஆமைக்கு உடனே நிறையத் தீனி போடக் கூடாது. முதலில் அதன் உடலுக்குத் தேவை தண்ணீர். அகலமான பாத்திரத்தில், கையை வைத்தால் சுடாத இளவெதுவெதுப்பான தண்ணீரை ஆமையின் தாடை அளவுக்கு ஊற்றி, காலையும் மாலையும் அரைமணி நேரம் அதில் விடுங்கள். மெலிந்த ஆமையை ஆழமான தண்ணீரில் விடுவது ஆபத்து. அதற்கு மீனைப்போல் செவுள் கிடையாது; நுரையீரலால் சுவாசிக்கும் பிராணி அது. தலையைத் தூக்க வலுவில்லாவிட்டால் மூழ்கி இறந்துவிடும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருந்தால் அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். கிணற்று நீர் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

ஓட்டில் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. இதனால் பயனில்லை, அழுக்கு ஒட்டிக்கொண்டு கிருமி வளர்வதற்குத்தான் உதவும். படிந்த பாசியைப் பழைய மெல்லிய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்து நீக்கினால் போதும்.

தொட்டியும் வெயிலும்

கண்ணாடித் தொட்டி, மின் விளக்கு என்று பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. 40, 50 லிட்டர் கொள்ளும் பழைய பிளாஸ்டிக் டப் ஒன்று தேறும்வரை போதுமானது. தேறி வளர்ந்த பிறகு இதைவிடப் பெரிய சிமெண்டுத் தொட்டி வேண்டியிருக்கும். டப்பின் ஒரு பக்கத்தில் இரண்டு செங்கற்களை அடுக்கி, ஆமை சிரமமின்றி ஏறி முழுவதும் உலர்ந்து உட்காரும்படி ஒரு மேடை அமையுங்கள். எப்போதும் ஈரத்திலேயே கிடக்கும் ஆமைக்கு ஓடு அழுகும்.

தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவி இல்லாதவர்கள் நாள்தோறும் தண்ணீர் மாற்ற வேண்டும். இதை எளிதாக்க ஒரு வழி உண்டு. தீனியை டப்பில் போடாமல், தனியாக ஒரு சிறு வாளியில் தண்ணீர் ஊற்றி அதில் ஆமையை விட்டுத் தீனி கொடுங்கள். தின்ற பிறகு டப்புக்கு மாற்றினால் டப்பு அவ்வளவு விரைவில் அழுக்காகாது.

வெயில்தான் இதற்கு முதல் மருந்து; அல்லாஹ் அதைக் காசில்லாமல் கொடுத்திருக்கிறான். ஓடு கெட்டிப்பட சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்தச் சத்து உடலில் ஒட்ட வெயிலின் புறஊதாக் கதிர் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் வடிகட்டப்பட்டுவிடும். ஆகவே காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் அரைமணி நேரம் நேர் வெயில் படச் செய்யுங்கள். பாதி இடம் நிழலாக இருக்கட்டும். கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து வெயிலில் விடாதீர்கள். தண்ணீர் கொதித்து ஆமை இறந்துவிடும். காகமும் பூனையும் தூக்கிப் போகாதபடி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உணவு

சோறு, பொரி, ரொட்டி, பால், உப்புக் கருவாடு எதுவும் வேண்டாம். கடையில் விற்கும் காய்ந்த இறாலை மட்டும் கொடுத்து வளர்த்த ஆமைகள்தாம் பெரும்பாலும் கண் வீங்கி வருகின்றன.

முள்ளோடு நறுக்கிய நெத்திலி, ஓட்டோடு கூடிய சிறு இறால், மண்புழு ஆகியவை நல்லவை. இவற்றோடு முருங்கைக்கீரை, துருவிய கேரட், மஞ்சள் பூசணி ஆகியவற்றையும் சிறிது சேருங்கள். கண்ணுக்கு வேண்டிய 'ஏ' உயிர்ச்சத்து இவற்றில் கிடைக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு வைத்தால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்துக்கு இது போதும்.

ஒரு வேளைக்கு ஆமையின் தலை அளவு தீனி கொடுங்கள். குட்டிக்கு நாள்தோறும், பெரியதற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள். வளர வளரக் கீரையைக் கூட்டி மீனைக் குறையுங்கள். இந்த ஆமை தண்ணீரில்தான் விழுங்கும் என்பதால் தரையில் வைத்து ஊட்ட முயல வேண்டாம்.

நோய்க்குறிகள்

1. கண் வீக்கம்: மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் நீரில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடையுங்கள். தண்ணீரைச் சுத்தமாக வைத்திருங்கள். கண் தெரியாததால்தான் பல ஆமைகள் தின்பதில்லை. வைட்டமின் ஊசியை நீங்களாகப் போடாதீர்கள். அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சாகும்.

2. ஓட்டில் குழியும் நாற்றமும்: பொவிடோன் அயோடின் மருந்தை இளந்தேநீர் நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து பூசி, பத்து நிமிடம் கழித்துக் கழுவி, இரண்டு மணி நேரம் நிழலில் உலர வையுங்கள். நாளுக்கு ஒருமுறை போதும்.

3. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதத்தல், மூக்கில் குமிழி, வாய் திறந்து மூச்சு விடுதல்: இவை நுரையீரல் நோயின் அடையாளம். கைவைத்தியம் செய்து நாளைக் கடத்த வேண்டாம். அரசு கால்நடை மருந்தகத்துக்கோ, சென்னையில் உள்ளவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள். ஒரு வாரமாகியும் கண் திறக்காத, தீனி எடுக்காத ஆமைக்கும் இதுவே வழி.

4. ஆட்டுக்கும் நாய்க்கும் போடும் ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தை ஆமைக்குக் கொடுக்கவே கூடாது. ஆமையை அது கொன்றுவிடும்.

கண் ஓரிரு வாரங்களில் தேறலாம். ஓடு கெட்டிப்பட மாதக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே கோணிவிட்ட ஓடு பழையபடி நேராகாது. வாரம் ஒருமுறை ஒரு டப்பாவில் வைத்து எடை பார்த்து நோட்டில் எழுதி வாருங்கள். எடை ஏறி வருவதே நம் உழைப்பு வீண் போகவில்லை என்பதற்குச் சாட்சி. இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். வாங்கித் தரச் சொன்னவர்கள் அவர்கள்தானே!

தூய்மை

ஆமையைத் தொட்டால் ஒளு முறியாது. உயிருள்ள ஆமையின் உடல் நஜீஸுமல்ல. ஆனால் அதன் கழிவு நஜீஸ். குல்லத்தைன் அளவுக்குக் குறைந்த தண்ணீரில் கழிவு விழுந்தால் அந்தத் தண்ணீரும் ஷாஃபியீ மத்ஹபில் நஜீஸாகிவிடும். அது தெறித்த துணியோடு தொழக் கூடாது, கழுவிவிட வேண்டும். அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றலாம்.

மருத்துவமும் இதையே வற்புறுத்துகிறது. ஆமையின் உடலில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். குழந்தைகளுக்கு இதனால் நோய் கண்டதால்தான் 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதற்குத் தடை விதித்தார்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சமையலறைத் தொட்டியில் ஆமையைக் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

குளத்தில் விட்டால் நன்மையா?

"குளத்தில் விட்டால் புண்ணியம்" என்று நினைப்பவர்கள் பலர். நிய்யத் நல்லதுதான், செயல் தீங்கானது. செங்காது ஆமை, உலகில் மிகுந்த கேடு விளைவிக்கும் 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்ற பிராணி. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இதன் இறக்குமதியை நிறுத்தியது. நம் குளத்து ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் இது பறித்துக்கொள்ளும். ஓர் உயிரைக் கைகழுவ வேண்டிப் பல உயிர்களுக்கு இடையூறு செய்வது இரக்கமாகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது நட்சத்திர ஆமையோ, நம் நாட்டுக் குளத்து ஆமையோ என்றால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பது குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது. மேலே சொன்ன தண்ணீர்த் தொட்டி முறை அதற்குப் பொருந்தவும் பொருந்தாது.

சகோதர சகோதரிகளே! தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்த மனிதரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான் என்று ஹதீஸ் கூறுகிறது. அவர் கையிலிருந்து ஒரு காசும் செலவாகவில்லை. உங்கள் வீட்டுக் கொல்லையிலும் அப்படியொரு வாய்ப்பு ஒரு வாளிக்குள் காத்துக் கிடக்கலாம். இன்றே எடுத்துத் தண்ணீரை மாற்றுங்கள்.

நம் கையில் அடங்கிய ஜீவன்கள் விஷயத்தில் மறுமையில் குற்றவாளிகளாக நிற்காமல் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.