நீர்மட்டமும் எண்ணும்

மேட்டூர் அணையைக் கண்டிராத மாணவர் நம் சேலம், நாமக்கல் பகுதியில் மிகச் சிலரே. 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற அவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 9,347 கோடி கன அடி. அத்தகைய நீர்மட்டத்தை மின்சாரத்தால் அளந்து எண்ணாகப் பெறுவது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நீரின் அழுத்தத்தை உணருங் கருவியொன்று, வெறுமைக்கு 0 வோல்ட்டும் 120 அடிக்கு 5 வோல்ட்டும் தருவதாகக் கொள்க. மைக்ரோகண்ட்ரோலர் எண்களை மட்டுமே அறியும். வோல்ட்டை எண்ணாக மாற்றுவது ஏ.டி.சி.யின் தொழில். ஆர்டுயினோ ஊனோவின் உள்ளமைந்த ஏ.டி.சி. 10 பிட் உடையது. 5 வோல்ட்டை 1,024 கூறாக்கும். ஒரு கூறு ஏறக்குறைய 1.4 அங்குலம். இது சிறிதெனத் தோன்றும். ஆயின் அணை நிரம்பிய காலத்து நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல், அதன்மேல் 1.4 அங்குலமென்பது சுமார் 19 கோடி கன அடி நீராகும்! மரக்காலால் அளப்பவனுக்கு உழக்கு நெல்லின் குறை புலப்படுமோ?

ஆதலின் 12 பிட் உடைய எம்.சி.பி. 3208 என்னும் சில்லை வெளியே இணைக்கிறோம். அது 4,096 கூறு செய்யும். ஒரு கூறு 0.35 அங்குலம், அஃதாவது 5 கோடி கன அடிக்குச் சற்றுக் குறைவு.

இணைப்புக்குரிய எஸ்.பி.ஐ. முறையில் கம்பிகள் நான்கு. ஊனோவின் 10-ஆம் முனை சில்லை அழைப்பது. 11 வினாவை அனுப்புவது. 12 விடையைக் கொணர்வது. 13 தாளமிடும் கடிகாரம். 5 வோல்ட்டில் இத்தாளம் நொடிக்கு 20 லட்சத்தை மிஞ்சலாகாது.

அழைப்புக் கம்பியைத் தாழ்த்தி, முதல் வாயிலைப் படிக்க 6, 0, 0 என மூன்று பைட்டுகளை முறையே அனுப்புக. ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் திரும்பிவரும். முதலாவதைத் தள்ளுக. இரண்டாவதன் கடைசி நான்கு பிட்டுகளை மட்டும் கொண்டு 256-ஆல் பெருக்கி, மூன்றாவதைக் கூட்டுக. பின்னர் அழைப்புக் கம்பியை உயர்த்துக. 2,048 என வந்தால் நீர்மட்டம் 60 அடி. இரண்டாவது பைட்டின் மேற்பிட்டுகளை நீக்க மறப்பதே தொடக்க மாணவர் பெரிதும் செய்யும் பிழை.

ஒன்று நினைவிற்கொள்க. கூறுகள் மிகுந்ததனால் மட்டும் அளவு மெய்யாகிவிடாது. ஒப்புநோக்கும் 5 வோல்ட் அசைந்தால் எண்ணும் அசையும். காற்றெழுப்பும் அலையோ பல கூறுகளை விழுங்கும். எனவே பல முறை படித்துச் சராசரி காண்க. அளவுக்கோலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க. கழனிக்குச் செல்லும் நீரின் கணக்கில் ஒரு பிட்டும் அற்பமன்று.