நிறம் வேண்டாம், கணுவை எண்ணுங்கள்

ஏழாம் வகுப்பில் வகைப்பாட்டியல் நடத்திய நாள். கரிவலம்வந்தநல்லூர் அருகே வெண்டைத் தோட்டத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். பூக்களில் இரண்டு வண்டுகள். இரண்டிலும் சிவப்பும் கறுப்பும். "ஒரே இனம்தான்" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். தடித்த சிறிய வண்டைப் பிடித்து விளையாடிப் பழகிய மாணவன் நீளமானதையும் பிடித்தான். மறுநாள் விரலில் கொப்புளம்.

நீளமானது கொப்புள வண்டு, மைலாப்ரிஸ் பஸ்டுலேட்டா. அதன் உடலில் உள்ள காந்தாரிடின்தான் தோலைக் கொப்புளமாக்கியது. சிறியது பூ வண்டு, ஆக்ஸிசெட்டோனியா வெர்சிகலர். 1775இல் ஃபேப்ரிசியஸ் இட்ட 'வெர்சிகலர்' என்பதற்கே 'பல நிறமுடையது' என்றுதான் பொருள்! நிறத்தை வைத்து இனம் சொன்ன எனக்கு அது சரியான குட்டு.

இரண்டும் கோலியாப்டிரா வரிசை, குடும்பம்தான் வேறு. பூ வண்டின் உணர்கொம்பு நுனி விசிறிபோல் விரியும். ஆறு கால்களிலும் பாதக் கணுக்கள் ஐந்தைந்து. இது ஸ்கராபேய்டே. கொப்புள வண்டு மெலாய்டே. அதற்கு முன், நடுக் கால்களில் ஐந்து, பின்கால்களில் நான்கே.

இறந்த வண்டு, இடுக்கி, கைலென்ஸ் போதும். காய்ந்த வண்டிலும் நஞ்சு இருக்கும். வெறுங்கையால் தொட விடாதீர்கள்.

"சார், பின்னங்கால்ல நாலுதான் இருக்கு!" முதலில் எண்ணிச் சொன்னவன், விரலில் கட்டுப் போட்டிருந்த அதே மாணவன்.