தறி இல்லாமலும் நெய்யலாம்

பழங்கால நெசவு, பின்னல் வேலைகளைக் கற்க ஆசை. தறி வாங்க வசதியில்லை. மலைமேல் இருந்துகொண்டு எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, புதூர்நாடு

தறி இப்போது வேண்டாம். பழைய சீட்டுக்கட்டு போதும். இருபது சீட்டுகளைச் சதுரமாக வெட்டி, நான்கு மூலையிலும் துளையிட்டு, துளைக்கொரு நூல் கோத்துக்கொள்ளுங்கள். நூல்களின் ஒரு முனையைத் திண்ணைத் தூணிலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டுங்கள். சீட்டுகளை மொத்தமாகக் கால் சுற்று திருப்பினால் பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய நூல்கள், மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடும். அதில் குறுக்கே ஊடை நூலைச் செலுத்தி, அழுத்தி, மறுபடி திருப்புங்கள். உறுதியான நாடா ஒன்று வளரும்.

இது விளையாட்டுத்தானே என்று தோன்றலாம். நார்வேயில் கி.பி. 834இல் இரண்டு பெண்களோடு புதைக்கப்பட்ட ஓசெபெர்க் கப்பலில், இந்தச் சீட்டுகளைப் போன்ற 52 சிறு பலகைகளும் அவற்றில் பாதி நெய்த நாடாவும் அப்படியே கிடைத்தன. மதிப்புள்ளவர்களோடு வைத்தனுப்பிய தொழில் அது. நம்மூர்க் கலையல்லவே என்றால், பாவின் இழுப்பைக் கை அறிவதுதான் எந்த ஊர் நெசவுக்கும் அரிச்சுவடி. காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் மூன்று ஓடங்களால் இணைக்கும் கோர்வைச் சேலைக்கும் அதுவே அடிப்படை. இழுப்பு பிடிபட்டதும் மலையிறங்கி ஆரணியின் பட்டுத் தறிகளைப் பாருங்கள், பாதி புரிந்துவிடும். முறையாகப் படிக்க, சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஊசிப் பின்னலைக் கடைசிக்கு வையுங்கள். அதில் பாவே கிடையாது என்பதால் இந்த இழுப்புப் பழக்கம் அங்கே உதவாது. முதல் நாடா கோணலாகத்தான் வரும். வீசிவிடாமல் பைக்கு வாராகத் தைத்துக்கொள்ளுங்கள்.