கணினியும் கேபிள் பெட்டியும் ஒரே தொலைக்காட்சியில்

வீட்டுக் கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைத்தால், தொலைவிலுள்ள பேரப்பிள்ளைகளின் முகங்களைக் காணொளி அழைப்பின்போது பெரிய திரையில் காணலாம். ஆயினும், சில இல்லங்களில் இவ்வசதி வந்த அன்றே முதியோர் நாள்தோறும் பார்க்கும் தமிழ் அலைவரிசை மறைந்துவிடுகின்றது. கேபிள் பெட்டியின் வடத்தைக் கழற்றிக் கணினியில் செருகிவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும்.

வேறு சிலர் கணினியைக் கேபிள் பெட்டியுடனேயே இணைக்க முயல்கின்றனர். இவ்விரண்டிலும் உள்ள எச்.டி.எம்.ஐ. செருகுவாய்கள் பொதுவாகப் படத்தை வெளியே அனுப்புபவை; பெறுபவை அல்ல. எனவே இரண்டும் தனித்தனி வடங்களால் தொலைக்காட்சியையே அடைதல் வேண்டும். கேபிள் பெட்டியில் உள்ள எதனையும் தொடாது, தொலைக்காட்சியில் வெறுமையாக உள்ள மற்றொரு எச்.டி.எம்.ஐ. செருகுவாயில் கணினியை இணைப்பதே முறை. குறுகிய தூரத்திற்குச் சாதாரண வடமே போதுமானது. விலையுயர்ந்த வடத்தால் படம் மேலும் தெளிவாவதில்லை.

தொலைக்காட்சியில் ஒரேயொரு செருகுவாய் மட்டும் இருப்பின், எச்.டி.எம்.ஐ. ஸ்விட்ச் வாங்க வேண்டும். கடையில் அதனருகே விற்கப்படும் ஸ்பிளிட்டர் ஒரு படத்தை இரு திரைகளுக்குப் பகிர்வது. இத்தேவைக்கு அது உதவாது.

இணைத்தபின் ரிமோட்டில் 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' பொத்தானை அழுத்திக் கணினிக்குரிய எண்ணைத் தெரிவுசெய்ய வேண்டும். படம் தோன்றாவிடின், விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் ஒருசேர அழுத்தி 'டூப்ளிகேட்' என்பதைத் தெரிவுசெய்யலாம். எச்.டி.எம்.ஐ. வடம் ஒலியையும் எடுத்துச் செல்லும். எனினும், ஒலி கணினியிலேயே கேட்குமாயின், அதன் ஒலி அமைப்பில் தொலைக்காட்சியின் பெயரைத் தெரிவுசெய்தல் வேண்டும்.

பழைய கணினிகளிலுள்ள, பதினைந்து துளைகளைக் கொண்ட வி.ஜி.ஏ. இணைப்பு படத்தை மட்டுமே அனுப்பும். ஒலிக்குத் தனி வடம் வேண்டும். தொலைக்காட்சியில் வி.ஜி.ஏ. இல்லையெனின், வெறும் வடம் போதாது. சமிக்ஞையை மாற்றும் சிறு கருவியும் தேவைப்படும்.

கணினியைப் பார்த்து முடித்தபின் தொலைக்காட்சியை அதே எண்ணில் விட்டுவிட்டால், அடுத்து அமரும் பாட்டனார் 'நோ சிக்னல்' எனும் வெற்றுத் திரையையே காண்பார். தொலைக்காட்சி பழுதாகிவிட்டதென்றே எண்ணுவார். "1 – கேபிள், 2 – கணினி" என, அவரவர் வீட்டு எண்களுக்கேற்பத் தமிழில் பெரிதாக எழுதி, ரிமோட்டின் பின்புறத்தில் ஒட்டிவைத்தல் நன்று.